திருப்பணிக்கு முன் கோயில் கல்வெட்டைக் காப்பாற்றுவது எப்படி

இலங்கையின் கிழக்குக் கரையில், அக்கரைப்பற்றுக்குத் தெற்கே ஒரு கோயில் சபையில் செயலாளராக இருந்தவன் நான். பார்த்தவரையில், பழைய கல்லுக்கு மாரி மழையைவிடப் பெரிய எதிரி கும்பாபிசேகத் திருப்பணிதான். ஆகவே நாள் குறித்த கையோடு முதலில் கல்லைக் கவனியுங்கள், பெயின்ட் பிறகு.

தம்பிலுவில் கண்ணகி அம்மன் கோயில் கல்வெட்டைப் பாருங்கள். விசயவாகு தேவர் என்ற அரசருடைய பத்தாம் ஆட்சியாண்டில் சிவஞான சங்கரர் என்ற கோயிலுக்குக் கொடுத்ததைச் சொல்லிவிட்டு, அந்தத் தர்மத்துக்குக் கேடு செய்பவர் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தைக் கொள்ளட்டும் என்று முடிக்கிறது. காவலையும் சேர்த்தே வெட்டி வைத்திருக்கிறார்கள். என்ன செய்ய, பெயின்ட் பூச வருபவர் அதை வாசிப்பதில்லை.

முதல் வேலை படம் எடுப்பது. உச்சி வெயிலில் எடுத்தால் ஒன்றும் தெரியாது. இருட்டியதும் போங்கள். கமராவைக் கல்லுக்கு நேரே அசையாமல் வைத்துவிட்டு, இன்னொருவர் டோர்ச்சைக் கல்லின் விளிம்போடு ஒட்டினாற்போல் பிடித்துப் பக்கவாட்டில் வெளிச்சம் அடிக்க வேண்டும். பகலில் வெறும் கீறலாகக் கிடந்தது, வெட்டுக்குள் நிழல் விழுந்ததும் எழுத்தாக எழும்பி வரும். இடம், வலம், மேல், கீழ் என்று நாலு பக்கமும் வெளிச்சத்தை மாற்றி எடுங்கள். ஒரு பக்கம் மறைந்த கொம்பு மறுபக்கம் தெரியும். அளவுக்கு ஓர் அடிமட்டம் பக்கத்தில் இருக்கட்டும். எழுத்தின் மேல் சோக்கால் கீறுவது மட்டும் வேண்டாம். கீறுபவர் தனக்குத் தோன்றியதைத்தான் கீறுவார், அப்புறம் வருகிறவர்கள் அதையே வாசிப்பார்கள்.

சுத்தம் செய்வதென்றால் நல்ல தண்ணீரும் மென்மையான தூரிகையும் போதும். கம்பித் தூரிகை, அசிட், பிளீச்சிங் பவுடர் எதுவும் கிட்டவே வரக்கூடாது. கல்லில் ஒட்டிப் படர்ந்திருக்கும் பாசியைச் சுரண்டினால் கல்லின் தோலும் சேர்ந்து வரும். எண்ணெய்க் காப்பு தூசியையும் புகையையும் பிடித்து வைத்துக்கொள்ளும்; எண்ணெயை விட்டு, பூவை மட்டும் கல்லின் அடியில் வைக்கச் சொல்லிப் பூசகரிடம் பக்குவமாகக் கேளுங்கள்.

கல் சரிந்திருந்தால் சீமெந்து போட்டு இறுக்கத்தான் எல்லாருக்கும் கை துறுதுறுக்கும். செய்யாதீர்கள். நம் கரையோர நிலத்து ஈரத்தில் உப்பு உண்டு. சீமெந்து அடியை அடைத்துவிட்டால் அந்த ஈரம் கல்லுக்குள்ளால் ஏறி முகத்தில் காயும். உப்புப் பூத்துப் பொருக்குப் பொருக்காக எழுத்தோடு உதிரும். மாரிக்கு முன் சுற்றி வாய்க்கால் வெட்டித் தண்ணீரை விலக்குங்கள். நிமிர்த்துவதைத் தெரிந்தவர்கள் வந்து செய்யட்டும்.

தொல்பொருள் திணைக்களத்துக்குச் சொன்னால் காணி போய்விடும் என்று ஒளிப்பவர்களும் உண்டு. 2020இல் கிழக்குக்கென்று அமைத்த தொல்பொருள் செயலணியில் தொடக்கத்தில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இல்லாதிருந்ததைப் பார்த்த பிறகு அந்தப் பயத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் படமும் பதிவும் இல்லாத கல் காணாமல் போனால் கேட்க நாதியில்லை. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி பழம்பொருளைச் சேதப்படுத்துவது குற்றம். அது சபைக்கும் பொருந்தும். கல் இருப்பதை அறிவிக்கும் கடிதத்தைப் படங்களோடு திணைக்களத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் கொடுத்து, உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். இன்னொரு பிரதி வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குப் போகட்டும்.