மூணு மாசம் ஓடாம இருந்துட்டு திரும்ப ஓட ஆரம்பிக்கறது எப்படி (நான் சொதப்பின இடத்தோட சேர்த்து)

வீட்டைக் கட்டிப் பார்னு பெரியவங்க சும்மா சொல்லல. கொத்தனார், கம்பி, மணல்னு அலைஞ்சதுல 11 வாரம் ஷூவையே தொடல. பால் காய்ச்சின மறுவாரம் காலைல அஞ்சரைக்கு மதுரை வண்டியூர் தெப்பக்குளத்துல போய் நின்னு, என்னோட பழைய 10 கிலோமீட்டர் ரேஸ் வேகம் கிலோமீட்டருக்கு 5 நிமிஷம் 50 செகண்ட், அதுலயே கிளம்பிட்டேன். வெளிய ஒரு சுத்து சுமார் 1.2 கிலோமீட்டர். அதை முடிக்கறதுக்குள்ள நாக்கு தள்ளிருச்சு. கைப்பிடிச் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னா, வாக்கிங் வந்த ஒரு பெரியவர் "தம்பி, தண்ணி வேணுமா"ன்னு கேக்கறார். எழுபது வயசு இருக்கும் அவருக்கு.

ஷூ வாங்கறது, வார்ம் அப் எல்லாம் இதுல இல்ல. ஏற்கனவே ஓடிக்கிட்டிருந்து நிறுத்தினவங்களுக்கு மட்டும்தான் இது.

ஸ்டெப் 1: எவ்வளவு போயிருக்குன்னு முதல்ல ஒத்துக்கோங்க

ஒரு வாரம் லீவு விட்டா பயப்பட ஒண்ணுமே இல்ல. பத்து நாள் தாண்டினாதான் தெரிய ஆரம்பிக்கும். முதல்ல போறது தசை இல்லீங்க, ரத்தத்துல இருக்கற தண்ணிப் பகுதி, பிளாஸ்மா. அது குறைஞ்சா இதயம் ஒரு துடிப்புக்கு அனுப்பற ரத்தமும் குறையும், அதை ஈடுகட்ட வேகமா துடிக்கும், அதான் பழைய வேகத்துலயே ஓடினாலும் நெஞ்சு படபடன்னு அடிக்குது. அமெரிக்காவுல எட்வர்ட் கோய்ல் குழு 1984ல ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க, நல்லா பழகின ஏழு பேரை 84 நாள் பயிற்சி இல்லாம வச்சுப் பார்த்தாங்க. விஓ2 மேக்ஸ், அதாவது உடம்பு அதிகபட்சமா எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும்ங்கற அளவு, 21 நாள்ல 7 சதவீதம் இறங்கிச்சு, 56 நாள்ல 16 சதவீதம், அப்புறம் அங்கேயே நின்னுருச்சு. தசையைச் சுத்தி இருக்கற நுண்ணிய ரத்தக்குழாய்கள் கிட்டத்தட்ட அப்படியே இருந்துச்சு. அதனால பல வருஷம் ஓடினவங்க ஜீரோவுக்கு போறதில்ல. ரெண்டு மாசம்தான் ஓடியிருக்கேன், மூணு மாசம் விட்டுட்டேன்னா, புதுசா ஆரம்பிக்கறதாவே வச்சுக்கோங்க.

ஸ்டெப் 2: அரைமணி நேர டெஸ்ட்

ஒரே இடம், ஒரே நேரம், ஒரே ஹார்ட் ரேட். பேசிக்கிட்டே ஓடற அளவு எனக்கு நிமிஷத்துக்கு 145 துடிப்பு, உங்களுக்கு வேற இருக்கும். 30 நிமிஷம் அதைத் தாண்டாம போங்க, தாண்டினா நடங்க, எவ்வளவு தூரம்னு எழுதி வைங்க. லீவுக்கு முன்னாடி எனக்கு மூணேமுக்கால் சுத்து வந்தது, திரும்ப வந்தப்ப மூணே மூணு. அஞ்சுல ஒரு பங்கு போச்சு.

வாட்ச் காட்டற விஓ2 மேக்ஸ் நம்பரை நம்பாதீங்க. நாம ஓடாம இருந்தா அதுக்கு டேட்டாவே இல்லையே, என்னோடது 11 வாரமும் பழைய நம்பரையே பெருமையா காட்டிக்கிட்டு இருந்துச்சு. மணிக்கட்டுல எடுக்கற ஹார்ட் ரேட்டும் சில நேரம் காலடி எண்ணிக்கையைப் பிடிச்சுக்கிட்டு 170னு காட்டும். நெஞ்சுல கட்டற பட்டை ஒண்ணு வாங்குங்க, வாட்ச் விலைக்கு அது ஒண்ணுமே இல்ல. எழுதி வைக்க ஆப் வேணாம், கிச்சன் காலண்டர் போதும், வீட்ல எல்லாரும் பாப்பாங்கன்னு ஒரு பயம் இருக்கும்.

ஸ்டெப் 3: முதல் ரெண்டு வாரம்

வாரம் மூணு நாள், 25 நிமிஷம், ரெண்டு நிமிஷம் ஓட்டம் ஒரு நிமிஷம் நடை. அவ்வளவுதான். போர் அடிக்கும், அடிக்கட்டும்.

ஸ்டெப் 4: மூணாவது வாரம் (நான் விழுந்த குழி)

இந்த ஒண்ணுக்காகத்தான் இவ்வளவும் எழுதறேன். போன பிளாஸ்மா ஓட ஆரம்பிச்சதும் சீக்கிரமே திரும்பிடும். மூச்சு லேசாகும், டெஸ்ட்ல மூணரை சுத்து வந்துச்சு, ஆஹா வந்துட்டோம்னு நெனச்சேன். 17வது நாள், மழை பெஞ்சு குளுகுளுன்னு இருந்த காலை, எட்டு சுத்து, 6 நிமிஷ வேகத்துல ஓடிட்டு வந்து அருகம்புல் ஜூஸ் குடிச்சேன். மறுநாள் காலைல பாத்ரூம் படில கால வைக்க முடியல. கெண்டைக்காலுக்கு முன்பக்கம், உள்பக்க எலும்போரமா ஒரு ஜாண் நீளத்துக்கு வலி.

நடந்தது என்னன்னா, மூச்சு வந்த வேகத்துக்கு எலும்பும் டெண்டனும் (நாம நரம்புன்னு சொல்றோமே, குதிகாலுக்கு மேல இருக்கறது, அந்த மாதிரி) பழகறதில்ல. இன்ஜின் ரெடி, அச்சு ரெடியில்ல. அதனால மூச்சு நல்லா இருக்குன்னு தூரத்தையும் வேகத்தையும் சேர்த்து ஏத்தாதீங்க. ஒரு வாரத்துல ஒண்ணு மட்டும். ஆறு வாரம் வரைக்கும் வேகத்தைத் தொடவே வேணாம்ங்கறது என் கட்சி.

வலி வந்துட்டா கட்டைவிரலால எலும்போரமா அமுக்கிப் பாருங்க. நீளமா பரவி வலிச்சா ஓய்வு குடுத்துப் பாக்கலாம். ஒரு ரூபாய் காசு அளவு இடத்துல மட்டும் சுளீர்னு வலிச்சாலோ ராத்திரி படுத்திருக்கும்போதும் வலிச்சாலோ எலும்புல விரிசலா இருக்கலாம், டாக்டர்கிட்ட போங்க. எனக்கு முதல் வகைதான், ஆனா இன்னும் ரெண்டரை வாரம் போச்சு.

அப்டேட் 1: லீவுல வாக்கிங் மட்டும் போனா போதாதான்னு ஒரு அக்கா கேட்டிருந்தாங்க. ஒண்ணுமே இல்லாததுக்கு நல்லதுதான் அக்கா, ஆனா ஃபிட்னஸைப் பிடிச்சு வைக்கறது வேகம்தான். ராபர்ட் ஹிக்சன்ங்கற ஆராய்ச்சியாளர் 1981ல காட்டினது அது: வாரம் 6 நாள் பயிற்சியை 2 நாளா குறைச்சும் தீவிரத்தைக் குறைக்காதவங்களுக்கு 15 வாரம் விஓ2 மேக்ஸ் இறங்கல. இது தெரிஞ்சிருந்தா கொத்தனார் வர்றதுக்கு முன்னாடி வாரம் ரெண்டு நாள் அரைமணி நேரம் ஓடிட்டு வந்திருப்பேன்.

அப்டேட் 2: ஏப்ரல்ல ஆரம்பிச்ச ஒரு தம்பிக்கு நடந்தாலே ஹார்ட் ரேட் 150 தாண்டுதாம். வெயிலுக்குப் பழகின உடம்பும் சில வாரத்துல மறந்துடும்ப்பா, அதையும் புதுசாதான் பழக்கணும். மே மாசத்து நம்பரை டிசம்பர் நம்பரோட ஒப்பிட்டு மனசு ஒடைஞ்சு போகாத, அஞ்சு மணிக்கே போ.

அப்டேட் 3: டெங்கு வந்து ஓட்டத்தை விட்டவங்க ரெண்டு பேர் இதே அட்டவணையைக் கேட்டாங்க. காய்ச்சல்ல விட்டது வேற, சிமெண்ட் மூட்டை தூக்கி விட்டது வேற. முதல்ல டாக்டர் சரின்னு சொல்லட்டும், அதுவரைக்கும் ஸ்டெப் 2 கூட வேணாம்.