பன்னிதானேன்னு அம்பு விடாதீங்க: வில் வேட்டைல தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெக்சாஸ்ல வேலைக்கு வந்து செட்டில் ஆன நம்மாளுங்க சில பேரு வில்லு எடுத்துக்கிட்டு காட்டுப்பன்னி வேட்டைக்குப் போறாங்க, நானும் ஏழு வருஷமா போறேன். புதுசா வர்றவங்க என்கிட்ட கேக்குறதெல்லாம் எந்த வில்லு வாங்கலாம், நாண எத்தனை பவுண்டு விசையில இழுக்கணும்னுதான். ஆனா நான் பார்த்த தப்புல முக்காவாசி வில்லுல இல்ல, "பன்னிதானே, எப்படி செத்தா என்ன"ங்கிற நினைப்புலதான் இருக்கு. மானுக்கு அம்பு விடும்போது அவ்வளவு யோசிக்கிற ஆளு, பன்னின்னு வந்துட்டா ஓடுறதையும் அடிக்கிறான், இருட்டுல அசையுறதையும் அடிக்கிறான்.

பன்னியால தொல்லை இல்லைன்னு நான் சொல்ல வரல. அது அந்த மண்ணோட மிருகமே கிடையாது, ஸ்பெயின்காரங்க கொண்டு வந்த வீட்டுப்பன்னிங்க காட்டுக்குள்ள ஓடிப் பெருகி, அப்புறம் 1930கள்ல வேட்டைக்குன்னே ஐரோப்பாவுல இருந்து காட்டுப்பன்னிய இறக்கி விட்டதுல ரெண்டும் கலந்து போச்சு, இப்ப டெக்சாஸ்ல மட்டும் 20 லட்சத்துக்கு மேல இருக்கும்னு கணக்கு சொல்றாங்க. சினை 115 நாள்தான், ஒரு ஈத்துக்கு நாலுல இருந்து ஆறு குட்டி, அந்தக் குட்டியே ஆறு எட்டு மாசத்துல சினை புடிச்சிடும். மக்காச்சோளம் விதைச்ச ராத்திரியே வந்து சால் புடிச்சு ஒவ்வொரு விதையா நோண்டித் தின்னுட்டுப் போகும், காலைல பார்த்தா யாரோ ரோட்டவேட்டர் ஓட்டின மாதிரி கெடக்கும். அந்த விவசாயி கோவத்துல நியாயம் இருக்கு.

அதனாலயே முதல் தப்பு வருது, "நான் வில்லால அடிச்சு பன்னியக் குறைக்கிறேன்"னு நம்புறது. குறையாது. ஒரு இடத்துல பன்னி எண்ணிக்கை ஏறாம இருக்கணும்னாலே வருஷத்துக்கு கிட்டத்தட்ட 70 சதவீதத்த எடுக்கணும்னு சொல்றாங்க. அம்புல ஒண்ணு விழும், மிச்சம் பதினஞ்சு சிதறி பக்கத்து நிலத்துக்குப் போகும், அதுவும் மனுஷ வாசனைய நல்லா ஞாபகம் வச்சுக்கிட்டுப் போகும். மிசௌரி மாநிலத்துல 2016ல வனவிலங்குத் துறை தன்னோட நிலங்கள்ல பன்னி வேட்டையவே நிறுத்திட்டாங்க, காரணம் இதுதான், வேட்டைக்காரங்க கூட்டத்தக் கலைச்சு விட்டுடுறாங்க, பொறி வேலை செய்ய மாட்டேங்குது. டென்னசில 1999ல மாநிலம் பூரா வேட்டைய திறந்து விட்டதும் ஜனங்களே பன்னியக் கொண்டு போய் புது இடத்துல விட ஆரம்பிச்சாங்க, பரவிடுச்சு, 2011ல சட்டத்த மாத்த வேண்டியதாச்சு. தொல்லை தீரணும்னா வட்டமா பெரிய பட்டி மாதிரி கம்பிப் பொறி வச்சு, பல நாள் சோளம் போட்டு பழக்கி, மொத்தக் கூட்டமும் உள்ள வந்த பிறகு கதவப் போடணும். வில்லு எதுக்கு ஆகும்னா, கூட்டத்த விட்டுத் தனியாத் திரிஞ்சு பொறிக்குள்ள வராத ஒத்தப்பன்னிக்கு (ஆண் பன்னி) ஆகும், வீடு மாடு பக்கத்துல துப்பாக்கி வெடிக்க முடியாத இடத்துக்கு ஆகும், கறிக்கு ஆகும். நிலத்துக்காரர்கிட்ட இத உள்ளபடி சொல்லிட்டுப் போங்க.

அடுத்தது எங்க அடிக்கிறதுங்கிறது, இதுலதான் நானே பெரிய தப்பு பண்ணேன். மானுக்கு அடிக்கிற மாதிரி முன்னங்காலுக்குக் கொஞ்சம் பின்னால தள்ளி அடிச்சா பன்னிக்கு அது வயித்துலதான் போகும். பன்னிக்கு இதயமும் நுரையீரலும் கீழ தாழ்ந்து, முன்னால தள்ளி, முன்னங்கால் எலும்புக்கு நடுவுல கிடக்கும். வயசான ஒத்தப்பன்னிக்கு தோள்பட்டைல இருந்து விலா வரைக்கும் தோலுக்கடியில குருத்தெலும்பு மாதிரி கெட்டியா ஒரு தட்டு வளர்ந்திருக்கும், சண்டையில எதிராளியோட கோரைப்பல்ல தாங்குறதுக்கு. அறுக்கும்போது கத்தி அதுல வழுக்கும், டயர் ரப்பர அறுக்குற மாதிரி இருக்கும். முதல் வருஷம் ஒரு ஒத்தப்பன்னி என்னைப் பார்த்த மாதிரி சாஞ்சு நின்னுச்சு, பொறுத்திருந்தா திரும்பியிருக்கும், எனக்குப் பொறுமை இல்ல, விட்டுட்டேன். அம்பு அந்தத் தட்டுல குத்தி நாலு விரக்கடை போய் நின்னுடுச்சு, அம்போடயே ஓடிருச்சு. உடனே பின்னாலயே போனேன், பத்தடி தூரம் ரத்தம், அப்புறம் ஒண்ணுமில்ல. மறுநாள் சாயங்காலம் ஓடைச் சேத்துல படுத்துக்கிடந்தத கண்டுபிடிச்சேன், உயிர் இருந்துச்சு, வாயத் திறந்து மூச்சு வாங்கிக்கிட்டு இருந்துச்சு. ரெண்டாவது அம்புல முடிச்சேன். நடுவுல அந்த இருபத்துநாலு மணி நேரம் அது பட்டது முழுக்க என் அவசரத்தால, அது தொல்லை மிருகம்ங்கிறதால அந்த வலில ஒரு துளி கூட குறைஞ்சிருக்காது.

அதனால பன்னி நம்மள விட்டு விலகிப் போற மாதிரி சாஞ்சு நிக்கும்போது, அம்பு பின்விலாவுல நுழைஞ்சு எதிர்ப்பக்க முன்னங்கால நோக்கிப் போற கோணம் கிடைச்சா மட்டும் விடுங்க, இல்லன்னா நாணை மெதுவா இறக்கிடுங்க. தூரம் இருபது கஜம், அதுக்கு மேல வேணாம். அம்புமுனை ப்ளேடு சவரக்கத்தி மாதிரி இருக்கணும், ஏன்னா அம்பு துப்பாக்கிக் குண்டு மாதிரி அதிர்ச்சியில கொல்றதில்ல, ரத்தம் போய்த்தான் சாகுது, மொண்ணை ப்ளேடுன்னா அது நீண்டுக்கிட்டே போகும்.

பட்டதும் துரத்துறது அடுத்த தப்பு. பன்னிக்குக் கொழுப்பு வந்து காயத்த அடைச்சிடும், மயிரு ரத்தத்த உறிஞ்சிடும், தரையில தடமே இருக்காது, விரட்டினா எங்கயோ முள்ளுக்காட்டுக்குள்ள போய் சேர்ந்துடும். அம்ப எடுத்து முதல்ல பாருங்க. நுரையோட வெளிர் சிவப்பா இருந்தா நுரையீரல், அரை மணி நேரம் உக்காருங்க. கருஞ்சிவப்புன்னா ஈரல், நாலு மணி நேரமாவது விடுங்க. பச்சையா நாத்தம் அடிச்சா குடல், ராத்திரி முழுக்க கூட காத்திருக்கணும், கறி கெட்டா கெடட்டும். தேடிப் போகும்போது வேலி வந்தா அந்தப் பக்கத்துக்காரர்கிட்ட கேட்டுட்டுத்தான் தாண்டணும்.

டெக்சாஸ்ல 2019 செப்டம்பர்ல இருந்து தனியார் நிலத்துல சொந்தக்காரர் சம்மதம் இருந்தா பன்னிக்கு லைசென்ஸே வேணாம், அதனால என்ன வேணா பண்ணலாம்னு ஆகிடாது. ஹாவெலினான்னு ஒண்ணு இருக்கு, பார்க்க சின்னப் பன்னி மாதிரியே இருக்கும், கழுத்துல வெளிறின பட்டை, வாலு கண்ணுக்கே தெரியாது, அது அந்த மண்ணோட சொந்த மிருகம், அதுக்கு லைசென்ஸ், சீசன், எண்ணிக்கை எல்லாம் உண்டு. அடையாளம் தெரியாத வெளிச்சத்துல நாணை இழுக்காதீங்க. உயிரோட புடிச்சு பர்மிட் இல்லாம வேற இடத்துல விடுறது சட்டப்படியும் குத்தம், ஊருக்கும் துரோகம்.

தாய்ப்பன்னி விஷயம்தான் எனக்கு இன்னும் கஷ்டமா இருக்கு. பன்னி குறையணும்னா தாயைத்தான் எடுக்கணும், அது உண்மை. ஆனா பால்குடி குட்டிய விட்டுட்டு தாய மட்டும் சாய்ச்சா குட்டிங்க பசியில நாள் கணக்குல கத்திச் சாகும், அத யாரும் போய்ப் பார்க்கிறதில்ல. போன வசந்தத்துல முதுகுல கோடு போட்ட அஞ்சு குட்டியோட ஒண்ணு பதினெட்டு கஜத்துல நின்னுச்சு, கோணம்கூட சரியா இருந்துச்சு. நாணை இறக்கிட்டு நிலத்துக்காரப் பெரியவருக்குப் போன் பண்ணி சொன்னேன், அவரு அங்கேயே பொறி வச்சாரு, மூணு வாரத்துல தாயும் குட்டியும் மத்ததுமா எல்லாம் ஒரே ராத்திரில மாட்டி, விடியக்காலைல ஒவ்வொண்ணா தலையில சுட்டு சீக்கிரமா முடிச்சாரு. பார்க்க நல்லா இல்ல, ஆனா பட்டினில எதுவும் சாகல.

அடிச்சத அழுக விட்டுட்டுப் போறதும் எனக்குப் பிடிக்காது, நல்ல கறி அது. அறுக்கும்போது கையுறை கண்டிப்பா போடுங்க, புருசெல்லா கிருமி கைக் கீறல் வழியாவே ஏறும், மாசக்கணக்குல காய்ச்சல் வாட்டும். கறி நடுவுல 160 டிகிரி ஃபாரன்ஹீட் வர்ற வரைக்கும் வேகட்டும்.

ஊர்ல கடலைக்காடு வச்சிருக்கிற என் சித்தப்பா மகன் இந்த வில்ல அனுப்பி வைக்க முடியுமாண்ணேன்னு கேட்டான். முடியாதுன்னுட்டேன். இந்தியால 1972 வனவிலங்குச் சட்டத்துல காட்டுப்பன்னியும் வருது, அதிகாரி எழுத்துல அனுமதி குடுக்காம அம்பும் விடக்கூடாது, சுருக்கும் வைக்கக்கூடாது. வேலில கரன்ட் குடுக்குறது, அவுட்டுக்காய் (தீனிக்குள்ள மறைச்சு வைக்கிற நாட்டுவெடி) வைக்கிறது ரெண்டையும் நினைச்சே பார்க்காதேன்னு சொன்னேன், வாய் கிழிஞ்ச பன்னி தின்னவும் முடியாம குடிக்கவும் முடியாம நாள் கணக்குல அலையும், அதே காய யானையும் கடிக்குது, அதே கம்பியில தண்ணி பாய்ச்சப் போற மனுஷனும் விழுறான். தின்னுட்டுப் போன பாத்திய போட்டோ புடிச்சு வனத்துறை ஆபீஸ்ல மனு குடு, விஏஓகிட்டயும் ஒரு காப்பி குடு, நஷ்ட ஈட்டுக்கு எழுதுன்னேன். குடுத்திருக்கான், ரேஞ்சர் வந்து காட்டைப் பார்த்துட்டுப் போயிருக்காராம்.