கரண்ட் வந்ததும் கை எங்கே போகிறது?

மழை விட்டு, தெருத்தண்ணீர் வடியத் தொடங்கி, இரண்டு மூன்று நாள் இருட்டுக்குப் பிறகு ஒரு மாலையில் தெருவே "ஏய்ய்" என்று கத்தும். கரண்ட் வந்துவிட்டது. சென்னைப் பக்கம் வேளச்சேரியிலோ முடிச்சூரிலோ பள்ளிக்கரணையிலோ ஒரு வெள்ள டிசம்பரைக் கழித்தவர்களுக்கு இந்தச் சத்தம் தெரியும். டார்ச் வாங்கி வை, பவர் பேங்க்கில் சார்ஜ் ஏற்று, பால் பாக்கெட் சேர்த்து வை என்று புயலுக்கு முன்பே எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள். கரண்ட் திரும்பி வரும் நேரத்தைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. ஆபத்தான தவறுகளில் பல நடப்பது அப்போதுதான். அல்லது அதை எப்படியாவது வரவழைத்துவிடும் அவசரத்தில்.

அந்த அவசரத்திலிருந்து தொடங்குவோம். 2016 டிசம்பரில் வந்த வர்தா காற்றுப் புயல். மரமும் கம்பமும் சாய்ந்ததால் கரண்ட் போனது. 2023இன் மிக்ஜாம் வேறு ரகம். கடலிலேயே மெதுவாக நகர்ந்து, டிசம்பர் 3, 4 தேதிகளில் சென்னையில் கொட்டித் தீர்த்துவிட்டு, ஆந்திராவின் பாபட்லா அருகே கரையேறியது. இப்படிப்பட்ட மழையில் கம்பியும் கம்பமும் நன்றாகவே இருக்கும். ஆனால் வீடுகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துத் தரும் தெருமுனை பில்லர் பாக்ஸைச் சுற்றி முழங்காலுக்கு மேல் தண்ணீர் நிற்கும். அந்த நிலையில் மின்வாரியமே சப்ளையை நிறுத்தி வைக்கும். "கம்பிதான் அறுபடலையே, போட்டு விடுங்களேன்" என்று லைன்மேனிடம் சண்டைக்குப் போவது, தண்ணீருக்குள் கரண்ட் விடச் சொல்வதற்குச் சமம். புகார் சொல்ல மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 இருக்கிறது. எங்காவது கம்பி அறுந்து கிடந்தால் அதை அங்கே முதலில் சொல்லுங்கள். ஊரே இருட்டாக இருக்கிறதே, இது செத்த கம்பிதானே என்று அதைத் தாண்டிப் போகாதீர்கள். அடுத்த நிமிடமே சப்ளை வரலாம்.

அடுத்தது வாடகை ஜெனரேட்டர். அதிலிருந்து ஒயர் இழுத்து வீட்டு பிளக் பாயிண்டில் சொருகி முழு வீட்டுக்கும் கரண்ட் கொடுக்கும் வித்தையைச் சிலர் பெருமையாகச் செய்கிறார்கள். தெரு சப்ளையைத் துண்டித்து வீட்டை ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாமல் இதைச் செய்தால் அந்த மின்சாரம் மீட்டரைத் தாண்டித் தெருக்கம்பிக்கும், அங்கிருந்து டிரான்ஸ்ஃபார்மருக்கும் போகும். 11,000 வோல்ட்டை வீட்டுக்கேற்ப இறக்கித் தருகிற அதே டிரான்ஸ்ஃபார்மர், எதிர்த்திசையில் 230 வோல்ட்டை ஆயிரக்கணக்கில் ஏற்றிவிடும். லைன் ஆஃப் என்று நம்பிக் கம்பத்தில் ஏறியவரின் உயிர் போய்விடும். ஃப்ரிட்ஜ், ஃபேன் என்று வேண்டியதை மட்டும் நேராக ஜெனரேட்டரில் மாட்டிக்கொள்ளுங்கள். மழைக்குப் பயந்து ஜெனரேட்டரைப் படிக்கட்டுக்கு அடியிலோ மூடிய கார் பார்க்கிங்கிலோ வைப்பதும் கூடாது. அதன் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு வாசனை கிடையாது. தூங்கும்போதே ஆளைக் கொன்றுவிடும்.

தண்ணீர் வீட்டுக்குள் வருவதற்கு முன்பே மெயினை அணைத்துவிட வேண்டும். வந்த பிறகு, ஈரத்தில் நின்றுகொண்டு மெயினில் கை வைக்காதீர்கள், வாரியத்தை அழையுங்கள். தண்ணீர் வடிந்து சப்ளை வந்த பிறகு நடப்பதுதான் மோசம். மின்சாரம் கசிந்தால் தானே சப்ளையைத் துண்டிக்கும் ஆர்சிசிபி சுவிட்ச் உள்ள வீட்டில் அது மேலே தள்ளியதும் பட்டென்று கீழே விழும். மறுபடி தள்ளினால் மறுபடி விழும். மூன்று நாள் இருட்டில் இருந்தவருக்கு எரிச்சல் வராமல் இருக்குமா? "அதை பைபாஸ் பண்ணிடுங்க தம்பி" என்று தெரு எலக்ட்ரீஷியனிடம் சொல்லிவிடுகிறார்கள். வீடுகளில் இருப்பது பொதுவாக 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே விழும் கருவி. அது விழுகிறதென்றால் ஈரமான சுவர் வழியாகவோ, நனைந்த பிளக் வழியாகவோ மின்சாரம் கசிகிறது என்று அர்த்தம். ஒவ்வொரு லைனுக்கும் தனியாக இருக்கும் எம்சிபி சுவிட்ச் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் எந்த லைனில் கோளாறு என்று தெரிந்துவிடும். அந்த லைனை மட்டும் அணைத்து வைத்து, நனைந்த சுவிட்ச் போர்டைக் காயவிட்டு, எலக்ட்ரீஷியன் சோதித்த பிறகு போடலாம். ஆர்சிசிபி இல்லாத வீடாக இருந்தால் அந்தக் கசிவைச் சொல்லவும் ஆள் இல்லை.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. கம்பத்தில் மின்சாரம் திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பி அறுந்தோ தளர்ந்தோ இருந்தால், 230 வோல்ட் வர வேண்டிய வீட்டுக்கு 400 வரைகூட ஏறிவரும். உங்கள் வீட்டு பல்பு கண் கூசும்படி எரிகிறது, எதிர்வீட்டில் மங்கிப்போய் எரிகிறது என்றால் உடனே மெயினை அணையுங்கள். இதனால்தான் கரண்ட் வந்ததும் டிவி, ஃப்ரிட்ஜ், ஏசி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் போடக் கூடாது. பிளக்குகளைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு பல்பை மட்டும் எரியவிட்டுச் சிறிது நேரம் பாருங்கள்.

ஆனால் நம் கை முதலில் போவது மோட்டார் சுவிட்சுக்குத்தான். மொட்டைமாடித் தொட்டி காலி, மூன்று நாளாகக் குளியல் இல்லை. குறை சொல்ல முடியாது. ஆனாலும் சம்ப் என்கிற தரைக்கடித் தொட்டியின் மூடிக்கு மேல் வெள்ளம் நின்றிருந்தால் அதற்குள் சாக்கடையும் செப்டிக் டேங்க் தண்ணீரும் கலந்திருக்கும். சுவிட்சைப் போட்ட சில நிமிடங்களில் அது மேல்தொட்டி, குழாய், ஃபில்டர் என்று வீடு முழுக்கப் பரவிவிடும். சம்ப்பை மட்டும் கழுவினால் போதும் என்றிருந்த வேலை அதன் பிறகு வீட்டுக் குழாய் முழுவதையும் சுத்தம் செய்யும் வேலையாகிவிடும். மோட்டாரே மூழ்கியிருந்தால் காயில் எரிந்துபோகும். சம்ப்பை முழுதாக இறைத்து, தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊறவிட்டு, அந்தத் தண்ணீரையும் வெளியேற்றிய பிறகே புதுத் தண்ணீர் விடுங்கள். குடிக்கும் தண்ணீரைச் சில வாரங்களுக்காவது கொதிக்க வைத்தே குடியுங்கள். மிக்ஜாம் சமயத்தில் எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்தது. அப்படிப்பட்ட தண்ணீருக்குக் கொதிக்க வைப்பதும் உதவாது, பிளீச்சிங் பவுடரும் உதவாது.

ஃப்ரிட்ஜ் விஷயம் சின்னதுதான், ஆனால் ஏமாற்றும். திறக்காமல் வைத்தால் நான்கு மணி நேரம் வரை குளிர் நிற்கும். அதற்கு மேல் போனால் கறி, மீன், பால், நேற்றைய குழம்பு எதையும் நம்ப முடியாது. கரண்ட் வந்ததும் எல்லாம் மறுபடி ஜில்லென்று ஆகிவிடுவதால் கெட்டது தெரியாது. ஃப்ரீசரில் ஒரு டம்ளர் தண்ணீரை உறையவைத்து, மேலே ஒரு ரூபாய் நாணயத்தை வைத்திருங்கள். நாணயம் அடியில் போய் உறைந்திருந்தால் இடையில் எல்லாம் உருகியிருக்கிறது. மாவுக்கு இந்தச் சோதனை வேண்டாம், பாத்திரத்தை விட்டே வெளியே வந்திருக்கும். இன்சுலின் போடுபவர்கள் அதை மண்பானைத் தண்ணீருக்கு நடுவே, நனையாமல் டப்பாவில் வைக்கலாம். பதற்றத்தில் ஐஸ் மேல் நேராக வைத்து உறையவிட்டால் அதன் பிறகு அது பயன்படாது.

மழை அறிவிப்பு வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் காரை ஏற்றி நிறுத்துபவர்களைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. எனக்கு அது விவேகமாகவே படுகிறது. கீழேயே நின்று மூழ்கிய காரை, தண்ணீர் வடிந்ததும் "ஸ்டார்ட் ஆகுதா பார்ப்போம்" என்று சாவியைத் திருப்புவதுதான் தப்பு. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அந்த ஒரு திருப்பலிலேயே எஞ்சினுக்குள் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடலாம். எஞ்சின் பாதுகாப்புக்கென்று தனியாகச் சேர்க்காத பல பாலிசிகள் அந்தச் செலவைத் தருவதில்லை. தண்ணீர் நின்ற அளவு தெரியும்படி போட்டோ எடுத்து, பேட்டரி இணைப்பைக் கழற்றி, வண்டியை இழுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். மின்சார ஸ்கூட்டர் மூழ்கியிருந்தால் இன்னும் கவனம் வேண்டும். கரண்ட் வந்த மகிழ்ச்சியில் சார்ஜில் போடாதீர்கள். ஈரம் புகுந்த லித்தியம் பேட்டரி சில நாள் கழித்துக்கூடத் தீப்பிடிக்கலாம். சர்வீஸ் ஆள் வந்து பார்க்கும்வரை அதை மாடிப்படிக்குக் கீழே வைக்காமல், வீட்டை விட்டுத் தள்ளித் திறந்த வெளியில் நிறுத்துங்கள்.