காலில் ஒட்டிய கடல் மணலுக்கு ஒரு பிடி மாவு

அரியமான் கடற்கரையிலோ தனுஷ்கோடியிலோ விளையாடிவிட்டு வரும் குழந்தையின் காலில் அப்பியிருக்கும் மணலைக் கழுவ வேண்டாம். கார்ன்ஃப்ளார் மாவை உள்ளங்கையில் எடுத்துத் தடவி, உலர்ந்த பருத்தித் துணியால் மெல்லத் தட்டிவிடுங்கள். மணலைத் தோலோடு பிடித்து வைத்திருப்பது ஈரம்தான். மாவு அதை உறிஞ்சியதும் விரலிடுக்கிலும் முழங்கால் மடிப்பிலும் இருக்கும் பொடிமணல்கூட உதிர்ந்துவிடும். குடிக்கக் கொண்டுபோன தண்ணீரும் மிஞ்சும். அந்த வெயிலில் அதுதான் முக்கியம். டால்கம் பவுடரும் இதே வேலையைச் செய்யும், ஆனால் அந்தத் தூளைச் சுவாசிப்பது பிஞ்சு நுரையீரலுக்கு ஆகாது. மாவையும் முகத்தருகே கொண்டுபோகாதீர்கள்.

நீர் சொட்ட நிற்கும் குழந்தையிடம் இது பலிக்காது, மாவு களியாகிவிடும், முதலில் துடைத்துவிடுங்கள். சிராய்ப்போ டயாப்பர் புண்ணோ இருந்தால் நல்ல தண்ணீர்தான் சரி.