கார் டோர்ல ஸ்பீக்கர் பாட் செய்றீங்களா? பட்டியை நம்பி மோசம் போகாதீங்க

போன வருஷம் நானே செஞ்சு மாட்டுன டோர் பாட் (கார் கதவுல ஸ்பீக்கர் உக்கார்ற கூடு) மூணு மாசம்கூட தாங்கல, ஸ்பீக்கர் ரிங்கை சுத்தி முடி மாதிரி ஒரு கோடு விழுந்து அப்புறம் கதவை அறைஞ்சு சாத்துற ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமா நீண்டுக்கிட்டே போச்சு. பெங்களூரு ஜே.சி. ரோட்ல எந்தக் கடையில கேட்டாலும் "பட்டி"ன்னு (பள்ளத்தை ரொப்பி தேய்க்கிற பூச்சு) ஒரே டப்பாவை தூக்கி நீட்டுவாங்க. அங்கதான் ஏமாந்தேன்.

எம்.டி.எஃப் (மரநாரை அழுத்தி செஞ்ச பலகை) ரிங் வெட்டுறது, துணி இழுத்து ஒட்டுறதெல்லாம் உங்களுக்கு தெரியும்னு வச்சுக்கிறேன்.

முதல்ல டோர் பேடை (கதவோட உள்பக்க பிளாஸ்டிக் பலகை) கழட்டி பின்னாடி பாருங்க, பி.பி.ன்னு (பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக்) அச்சடிச்சிருந்தா அதுமேல ரெசினோ (துணியில தடவி இறுக வைக்கிற பிசின்) பட்டியோ ஒழுங்கா ஒட்டாது, அதனால பாட் அடிப்பாகத்தை ஸ்க்ரூ போட்டு பின்பக்கமா இறுக்கிடுங்க. ஏ.பி.எஸ்.ன்னு இன்னொரு வகை பிளாஸ்டிக்னா 40 நம்பர் உப்புத்தாள்ல நல்லா கீறிவிட்டா போதும்.

அடுத்தது ரெசின். சில கடையில ரெசின், கோபால்ட் (இறுகுறதை வேகப்படுத்துறது), கேட்டலிஸ்ட் (இறுக ஆரம்பிச்சு வைக்கிறது)னு மூணு டப்பா தருவாங்க. கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் நேரடியா ஒண்ணா ஊத்திடாதீங்க, வெடிக்கும், விளையாட்டில்ல. கோபால்ட்டை ரெசின்ல முழுசா கலக்கிட்டு அப்புறமாதான் கேட்டலிஸ்ட். நான் கோபால்ட் ஏற்கனவே கலந்த ரெசினைத்தான் வாங்குறேன், காசு கொஞ்சம் கூடுனாலும் பரவால்ல. துணி இறுகினதும் உள்பக்கம் ஃபைபர் மேட் (கண்ணாடி நார் விரிப்பு) ரெசின் தடவி ரெண்டு அடுக்கு போடுங்க, பலம் இதுலதான் இருக்கு.

இப்ப நான் கோட்டை விட்ட இடம். ரிங்கும் துணியும் சேர்ற மூலையில பள்ளமா இருந்துச்சு, சாதா பட்டியை அரை இஞ்சுக்கு அப்பி ரொப்பிட்டேன். சாதா பட்டியில நார் கிடையாது, பாஸ் அடிக்கும்போது அதிர்ற இடத்துல அது தாங்காது. அந்த மூலைக்கு கண்ணாடி நார் கலந்த ஃபைபர் பட்டிதான் போடணும். தேய்க்கிறதுக்குள்ள கை விட்டுப்போகும், ஆனா விரிசல் விடல. அதுக்கு மேல ஷேப் கொண்டுவர மட்டும் சாதா பட்டி, ஒரு தடவைக்கு 3 மில்லிமீட்டருக்கு மேல வேண்டாம், காயவிட்டு அடுத்தது.

ஹார்டனர் (பட்டியோட கலந்து இறுக வைக்கிற பேஸ்ட்) 100 கிராம் பட்டிக்கு 2 கிராம். டிசம்பர் காலையில பெங்களூரு குளிருக்கு பட்டி சீக்கிரம் இறுகலேன்னு கூடுதலா பிதுக்குனேன், பின்னாடி பெயிண்ட்ல கறை ஏறி வந்துச்சு. கண் அளவு வேண்டாம், சமையல் தராசுல நிறுத்துக்கோங்க (வீட்ல கேக்காம எடுத்தா அடுத்த நாள் சோறு கிடைக்காது).

80, 180, 320ன்னு உப்புத்தாளை மாத்திக்கிட்டே வாங்க. கட்டாயம் மாஸ்க் போடுங்க, அந்த தூள் நெஞ்சுக்குள்ள போகக்கூடாது. கடைசியில தெரியிற ஊசி ஓட்டைக்கு மட்டும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பட்டி, ஏன்னா அது தின்னர் ஆவியாகி காயுற சரக்கு, தடிமனா போட்டா சுருங்கிடும்.

அப்டேட்: தெர்மாகோல்ல ஷேப் வெட்டி அதுமேல ரெசின் ஊத்துனா கரைஞ்சு குழியாயிடுச்சேன்னு ரெண்டு பேர் கேட்டுட்டாங்க. மேல சொன்ன பாலியெஸ்டர் ரெசின்ல இருக்கிற ஸ்டைரீன் தெர்மாகோலை தின்னுடும். அதுமேல இடைவெளி இல்லாம அலுமினியம் டேப் ஒட்டுங்க, இல்லேன்னா எபாக்சி ரெசினுக்கு மாறிடுங்க.