பயாப்ஸியில் க்ளீசன் 6 வந்தால் என்ன செய்வது?

அப்பாவின் புராஸ்டேட் பயாப்ஸி ரிப்போர்ட்டில் 3+3=6 என்று பார்த்ததும், பத்துக்கு ஆறா என்று வீடே இடிந்து போகிறது. பயப்படாதீர்கள், க்ளீசன் என்பது மைக்ராஸ்கோப்பில் புற்றுச் செல்கள் எவ்வளவு முரட்டுத்தனமாகத் தெரிகின்றன என்று இரண்டு எண்களைக் கூட்டிப் போடும் மதிப்பெண். இப்போது பயாப்ஸியில் கொடுக்கும் அந்த மதிப்பெண்ணே ஆறில்தான் தொடங்குகிறது, புராஸ்டேட் புற்றில் இருப்பதிலேயே சாதுவான ரகம் இது. கிரேடு குரூப் 1 என்று போட்டிருந்தாலும் இதேதான்.

ஆனால் அதை மட்டும் வைத்து லோ ரிஸ்க் என்று சொல்லிவிட முடியாது. பிஎஸ்ஏ (புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதம், ரத்தப் பரிசோதனையில் தெரியும்) 10-க்குக் கீழே இருக்க வேண்டும், டாக்டர் ஆசனவாய் வழியாக விரலால் பார்க்கும்போது கட்டி தட்டுப்படக் கூடாது, தட்டுப்பட்டாலும் புராஸ்டேட்டின் ஒரு பக்கத்தில் பாதிக்குள் அடங்க வேண்டும். இங்கேதான் ஒரு சிக்கல்: புராஸ்டேட் வீக்கத்துக்குக் கொடுக்கும் ஃபினாஸ்டரைடு, டூட்டாஸ்டரைடு மாத்திரையை மாதக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கு பிஎஸ்ஏ ஏறக்குறைய பாதியாகத்தான் காட்டும், 6 என்று வந்தால் உண்மையில் 12 இருக்கலாம். கடலூரிலிருந்து கோரிமேடு ஜிப்மருக்குப் போனாலும் சரி, பக்கத்து யூராலஜி டாக்டரிடம் போனாலும் சரி, அந்த மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.

அப்புறம் ஒரு சின்னக் கணக்கு. ஸ்கேன் ரிப்போர்ட்டில் புராஸ்டேட்டின் அளவு சிசி-யில் இருக்கும், பிஎஸ்ஏ-வை அதால் வகுங்கள். பிஎஸ்ஏ 6, அளவு 50 சிசி என்றால், 6-ஐ 50-ஆல் வகுத்தால் 0.12, 0.15-க்குக் கீழே இருப்பது நல்ல அறிகுறி. அதே 6, 30 சிசி சுரப்பியில் 0.20 ஆகிவிடும், அப்போது இன்னும் உன்னிப்பாகப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

உடனே ஆபரேஷன் என்று அவசரப்பட வேண்டாம். லோ ரிஸ்க் என்று உறுதியானால் பெரும்பாலும் முதல் வழி தீவிரக் கண்காணிப்புதான். பிரிட்டனில் நடந்த புரோடெக்ட் ஆய்வின் 15 வருட முடிவு 2023-இல் வந்தது: கண்காணிப்பு, ஆபரேஷன், ரேடியேஷன் எதில் இருந்தாலும் இந்தப் புற்றால் இறந்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் அளவுதான். ஆபரேஷனுக்குப் பிறகு சிறுநீர் கசிவதும் தாம்பத்தியம் பாதிக்கப்படுவதும் சும்மா ஒதுக்கித் தள்ளுகிற விஷயமில்லை.

கண்காணிப்பு என்றால் சும்மா இருப்பது என்று நினைத்துவிடாதீர்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிஎஸ்ஏ, முடிந்தவரை ஒரே லேபில். வருடம் ஒருமுறை விரல் பரிசோதனை. டாக்டர் சொல்லும்போது எம்ஆர்ஐ, மறு பயாப்ஸி. உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிடுவதுதான் பெரிய ஆபத்து, அதனால் தேதிகளைப் பிள்ளைகள் குறித்து வையுங்கள். குடும்பத்தில் மார்பகப் புற்று, சினைப்பைப் (ஓவரி) புற்று யாருக்காவது இருந்தால் முதல் நாளே சொல்லுங்கள், பிஆர்சிஏ2 மரபணுக் கோளாறு இருப்பவர்களுக்கு இது வேகம் பிடிக்கக்கூடும். மறு பயாப்ஸியில் 3+4 அல்லது அதற்கு மேல் வந்தால், அப்போது ஆபரேஷனா ரேடியேஷனா என்று உட்கார்ந்து பேசுங்கள்.