குரோமில் திரை கருப்பாகிறதா?

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதும் தங்கச்சி நேற்று போன் செய்தாள். 4 ஜிபி ராம் கம்ப்யூட்டர். ஜிஎஸ்டி பக்கத்தை நகர்த்தினால் பாதித் திரை கருப்பாகிறதாம். “ஏனுங்ணா, புதுசு வாங்கோணுமா?” என்றாள். வேண்டாம். குரோம் செட்டிங்ஸில் சிஸ்டம் பகுதிக்குப் போய், கிராபிக்ஸ் ஆக்சிலரேஷனை (திரையில் வரையும் வேலையை கிராபிக்ஸ் சிப்பிடம் கொடுக்கும் வசதி) அணைத்து, குரோமை மூடித் திறக்கச் சொன்னேன். கருப்புக் கட்டம் போய்விட்டது. பெரும்பாலும் பழைய கிராபிக்ஸ் டிரைவர்தான், அதாவது அந்தச் சிப்பை இயக்கும் மென்பொருள்தான் காரணம். அதைப் புதுப்பித்தபின் மறுபடி ஆன் செய்துகொள்ளலாம்.

சரி, அந்த 4 ஜிபி ராமை, அதாவது மெமரியை, எது தின்கிறது? விண்டோஸில் குரோமைத் திறந்து வைத்து, ஷிப்ட், எஸ்கேப் இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். எந்த டேப், எந்த எக்ஸ்டென்ஷன் (குரோமில் நாம் சேர்க்கும் குட்டிச் செயலி) எவ்வளவு தின்கிறது என்று பட்டியல் வரும். மெமரி தலைப்பைத் தட்டினால் வரிசைப்படும். அவளுக்கு, எப்போதோ போட்ட கூப்பன் எக்ஸ்டென்ஷன் ஒன்றுதான் முதலில் நின்றது. உடனே நீக்கிவிட்டாள்.